நாலு சாயம், நாற்பது நிறம்

பாரிஸ் நகரின் கோபெலான் அரசு நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவராக 1824-இல் பொறுப்பேற்ற வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரலிடம் நெசவாளர்கள் ஒரு புகாரோடு வந்தார்கள். அங்கே சாயமேற்றிய கறுப்புக் கம்பளி நூல் எடுபடவில்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்தால் வெளிறித் தெரிகிறது என்றார்கள். ஷெவ்ரல் வெளியூர்ப் பட்டறைகளின் கறுப்பு நூலோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் ஓடும் நீலம்தான் பார்ப்பவர் கண்ணில் கறுப்பின் வலுவைக் குறைத்துக் காட்டுகிறது என்று தெரிந்தது. அந்த ஒரு புகாரைப் பிடித்துக்கொண்டு பல ஆண்டுகள் ஆராய்ந்து, நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக்காட்டும் விதத்தைப் பற்றி 1839-இல் பெரிய நூலே எழுதி வெளியிட்டார்.

புடவை எடுக்கப் போகிறவர்களுக்கு இது புதிதல்ல. கடையில் பச்சை உடலோடு பளிச்சென்று நின்ற சிவப்புக் கரை, ஆரஞ்சு உடலோடு வைத்தால் மங்கிப்போகும். கரை நூல் இரண்டிலும் ஒரே கழியிலிருந்து வந்திருக்கலாம்.

அப்படியானால் ஒரு துணித் திட்டத்துக்கான நிறத்தொகுப்பை எங்கே வைத்து முடிவு செய்வது? வடிவமைப்புப் பள்ளிகள் மேசையிலிருந்து தொடங்கச் சொல்கின்றன. படங்களைச் சேகரித்து, வண்ண அட்டைகளை விரித்து, முதன்மை நிறம், துணை நிறம், அங்கங்கே எட்டிப் பார்க்கும் தூக்கல் நிறம் என்று பிரித்துக்கொண்டு, பிறகு சாயக்காரரைத் தேடிப் போகச் சொல்கின்றன. சாயப்பட்டறைக்காரர்கள் தலைகீழாகச் சொல்வார்கள்: கையில் என்ன சாயம் இருக்கிறது, என்ன தண்ணீர், என்ன நூல் என்று பார்த்துவிட்டு நிறத்தைப் பேசலாம். வரலாற்றையும் வேதியியலையும் புரட்டிப் பார்த்தால் பட்டறைக்காரர்கள் பக்கமே நியாயம் கூடுதலாக இருக்கிறது. நன்றாக அமைந்த தொகுப்புகள் பெரும்பாலும் குறைந்த சாயங்களிலிருந்து பிறந்தவை. தாய்ச் சாயங்கள் ஒன்றாக இருப்பதால் நிறங்களுக்குள் முகச்சாயல் வந்துவிடுகிறது.

இதற்குச் சோழமண்டலக் கரையைவிட நல்ல சான்று கிடைக்காது. ஐரோப்பாவையே மயக்கிய அந்த எழுத்துச் சித்திரத் துணிகளுக்குப் பின்னால் இருந்த சாயங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சிவப்புக்குச் சாயவேர். இம்பூரல் என்றும் சொல்லப்படும் இந்தச் சிறு செடி கடலோர மணலில் விளைவது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இதைத் தோண்டியெடுக்கும் உரிமையை டச்சுக்காரர்கள் வருவாயாகவே வைத்திருந்தார்கள். நீலத்துக்கு அவுரி. மஞ்சளுக்குக் கடுக்காய்ப்பூவும் வேறு சில ஓடுகளும் பட்டைகளும். அவ்வளவுதான்.

மீதி வித்தை எல்லாம் உலோக உப்புகளில் இருந்தது. பருத்திக்கும் சாயவேருக்கும் தானாக ஒட்டாது. நடுவில் ஓர் உலோக உப்பு நின்று இரண்டையும் பிடித்துக் கட்ட வேண்டும். படிகாரம் பூசிய இடத்தில் சாயவேர் சிவப்பாகப் பிடிக்கும். படிகாரத்தை நீர்த்துப் பூசினால் இளஞ்சிவப்பு. இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு எடுத்த நீரைப் பூசிய இடம் கறுக்கும். இரண்டையும் கலந்து பூசினால், விகிதத்தைப் பொறுத்து கத்தரிப்பூ நிறத்திலிருந்து காப்பிக்கொட்டை நிறம் வரை போகும். ஆக, எழுதுகோலால் விதவிதமான உப்பு நீரைப் பூசிய துணியை ஒரே தொட்டியில், ஒரே வேரின் சாற்றில் கொதிக்கவிட்டால் நாலைந்து நிறங்கள் ஒரே நேரத்தில் எழும்பி வரும். படிகார நீருக்கு நிறம் கிடையாது, எங்கே பூசினோம் என்று தெரியாது. அதற்காகப் பதிமுகக் கட்டையின் சாற்றைக் கொஞ்சம் கலந்துகொள்வார்கள். அது கைக்கு அடையாளம் காட்டும், சலவையில் போய்விடும்.

துணியைத் தயார் செய்வதிலும் அதே நுணுக்கம். கடுக்காய்த் தூளையும் எருமைப் பாலையும் கலந்த நீரில் தோய்த்து வெயிலில் காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு உலோக உப்பைப் பிடித்து வைக்கும்; பாலின் கொழுப்பு, பூசும் நீர் கோட்டைத் தாண்டிக் கசியாமல் தடுக்கும்.

இந்த ரகசியத்துக்காக ஐரோப்பியர்கள் தவம் கிடந்தார்கள். போலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி 1734 வாக்கில் புதுச்சேரியில் ஒரு துணி எழுதப்படுவதைக் கூடவே இருந்து பார்த்து, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அதிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் குறிப்போடு சேர்த்துவைத்தார். அந்தத் துண்டுகள் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1742-இல் கூர்தூ என்ற சேசு சபைப் பாதிரியார், மதம் மாறிய சாயக்காரர்களிடம் கேட்டறிந்ததை நீண்ட கடிதமாகத் தன் நாட்டுக்கு எழுதினார். நிறத்தொகுப்பு ஒன்றைப் பதிவு செய்வது எப்படி என்று இன்றைக்கு யாராவது கேட்டால் போலியூவின் வழியைத்தான் காட்ட வேண்டும்: கடைசி நிறத்தை மட்டும் வைத்திருந்தால் போதாது, அதற்கு முந்தைய நிலைகளின் துண்டும் வேண்டும். இந்தத் துணியின் விற்பனையோ ஐரோப்பிய நாடுகளின் நெசவுத் தொழிலையே அசைத்தது. பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை இவ்வகைத் துணிக்குத் தடை போட்டது. இங்கிலாந்து 1721-இல் உடுத்தவே கூடாது என்று சட்டம் செய்தது.

அவுரியின் குணம் வேறு. அதற்குப் படிகாரம் வேண்டாம். ஆனால் நீலம் தண்ணீரில் கரையாது. தொட்டியில் காற்று இல்லாத, காரத்தன்மை கொண்ட நிலையை உண்டாக்கினால்தான் கரையும். தென்னாட்டுச் சாயக்காரர்கள் சுண்ணாம்பும் தகரை விதையும் போட்டுப் புளிக்கவைப்பார்கள். வெல்லம் போடுவதும் உண்டு. தொட்டி பக்குவமாகிவிட்டதற்கு அடையாளம், மேலே செம்பு மினுக்கில் ஓர் ஆடையும் நீல நுரையும். கீழே இருக்கும் நீர் நீலமாக இருக்காது, மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் இருக்கும். முக்கி எடுத்த துணி பச்சையாக வெளியே வரும். காற்றுப் பட்டதும் மடிப்பின் விளிம்பிலிருந்து நீலம் பரவத் தொடங்கி, சில நிமிடங்களில் துணி முழுக்க நீலமாகிவிடும். ஆழ்ந்த நீலம் வேண்டுமென்றால் தொட்டியில் சாயத்தைக் கூட்டிக் கொட்டிப் பயனில்லை. முக்கி, காற்றாட விட்டு, மறுபடி முக்க வேண்டும். ஒரு முக்கு வானம், பத்து முக்கு இருட்டு. இடைப்பட்ட முக்குகள் எல்லாம் இடைப்பட்ட நீலங்கள்.

பச்சைக்குத் தனிச் சாயம் அந்தக் காலத்தில் இல்லை. நீலத்தின் மேல் மஞ்சள் ஏற்றுவதுதான் வழி. இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. தாவர மஞ்சள்களில் பல வெயிலுக்கு நிற்காதவை, அவுரியோ நின்று பிடிக்கும். ஐரோப்பிய அரண்மனைகளில் தொங்கும் பழைய சித்திரக் கம்பளங்களில் மரங்களின் இலை நீலமாக இருப்பதற்கு நெசவாளரின் கற்பனை காரணமல்ல, மேலே ஏற்றிய மஞ்சள் பறந்துவிட்டது. கறுப்புக்கும் வேறு விதமான பலவீனம் உண்டு. இரும்பு உப்பு நாளடைவில் பருத்தி இழையை அரிக்கும். பழைய எழுத்துத் துணிகளில் கறுப்புக் கோடு ஓடிய இடம் மட்டும் நைந்து ஓட்டையாகியிருப்பது அதனால்தான்.

லண்டனில் வில்லியம் பெர்க்கின் தன் 18-ஆம் வயதில், 1856-இல், நிலக்கரித் தாரிலிருந்து வந்த பொருளில் ஊதாச் சாயம் கண்டுபிடித்ததும் இந்த உலகம் கவிழ்ந்தது. 1868-இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் கிராபேயும் லீபர்மானும் அலிசரினை ஆய்வகத்தில் செய்தார்கள். சாயவேரின் சிவப்புக்கு ஆதாரமான பொருள் அதுதான். 1897-இல் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்கு அனுப்பியது. சாயவேர் தோண்டியவர்களும் அவுரி விதைத்தவர்களும் ஒரு தலைமுறைக்குள் பிழைப்பை இழந்தார்கள். நிறத்தைத் தேர்பவருக்கோ எல்லையே இல்லாமல் போனது. எல்லை போனது வரம்தானா என்று அப்போதே சந்தேகப்பட்டவர் வில்லியம் மாரிஸ். 1875-இல் லீக் நகரச் சாயக்காரர் தாமஸ் வார்டிலோடு சேர்ந்து பழைய சாயங்களுக்குத் திரும்பினார். தானே தொட்டியில் கைவிட்டு வேலை செய்தார். 1883-இல் அவர் வடிவமைத்த, பழம் திருடும் பறவைகள் நிறைந்த துணி, முழுவதையும் முதலில் அவுரியில் தோய்த்து, வேண்டிய இடங்களில் நீலத்தை வெளுத்து எடுத்து, அங்கே சிவப்பும் மஞ்சளும் ஏற்றிச் செய்தது. நிறங்கள் கொஞ்சம், நேரம் அதிகம், விலையும் அதிகம்.

நெசவுத் துணி என்றால் சாயத்தொட்டியோடு கதை முடிவதில்லை. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்றால் தறியில் மூன்றாவது நிறம் பிறக்கும். காஞ்சிபுரத்தின் மயில்கழுத்து அப்படிப் பிறந்ததுதான்: நீலப் பாவில் பச்சை ஊடை ஓட, புடவை அசையும்போது நிறம் மாறி மாறி அடிக்கும். ஐந்து நிறங்களைப் பட்டையாகப் பாவில் போட்டு, அதே ஐந்தையும் வரிசையாக ஊடையில் ஓட்டினால் ஒரு முழம் மாதிரித் துணியில் 25 கட்டங்கள் கிடைக்கும். ஐந்து கட்டங்கள் சுத்த நிறம், மற்ற இருபதும் கலவை. எது ஒளிர்கிறது, எது சேறாகிறது என்று கண்ணெதிரே தெரிந்துவிடும். நேரெதிரான இரண்டு நிறங்கள், சிவப்பும் பச்சையும் போல, நெருக்கமாக நெய்தால் தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒன்றையொன்று தின்று பழுப்பாகிவிடும். அதே சிவப்பும் பச்சையும் கோர்வைக் கரையாகத் தனித்தனிப் பரப்பில் நின்றால் ஒன்றையொன்று தூக்கிக் கொடுக்கும். காஞ்சிபுரத்துக்காரர்கள் கரைக்கும் உடலுக்கும் தனித்தனியே நாடா ஓட்டி இவ்வளவு மெனக்கெடுவதில் பாதி காரணம் இது.

தமிழ்ப் புடவைக் கடைகளில் புழங்கும் பெயர்களே ஒரு நிற அகராதி. அரக்கு, மாந்துளிர், வெங்காயச் சருகு, கிளிப்பச்சை, வாடாமல்லி, பாக்கு, சந்தனம், எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரைத் தாங்கிய எம்.எஸ். புளூ. கவனித்தால் இவற்றில் பாதிக்கு மேல் கலப்பு நிறங்கள், அழுக்கேறிய நிறங்கள் என்றுகூடச் சொல்லலாம். மாந்துளிரில் சிவப்பும் பழுப்பும் பச்சையும் இருக்கின்றன. திரையில் தெரியும் சுத்தச் சிவப்பையும் சுத்த நீலத்தையும் அப்படியே எடுத்து வைக்கும் இளம் வடிவமைப்பாளர்கள் துணி ஏன் பிளாஸ்டிக் போல இருக்கிறது என்று திகைப்பதன் காரணமும் இதில்தான் இருக்கிறது. செட்டிநாட்டுக் கண்டாங்கியைப் பாருங்கள். கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு: இந்த மூன்றை வைத்துக்கொண்டே கட்டமும் கோடுமாகத் தலைமுறைகளை ஓட்டிவிட்டது. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இன்றைக்குப் பருத்தியில் சொந்தமாக ஒரு தொகுப்பை உருவாக்க நினைப்பவருக்குக் கைகொடுப்பவை ரியாக்டிவ் சாயங்கள். 1956-இல் ஐ.சி.ஐ. நிறுவனம் புரோசியன் என்ற பெயரில் இவற்றை முதலில் விற்றது. படிகாரம் போன்ற நடுத்தரகர் இல்லாமல் இந்தச் சாயம் நேராக இழையோடு வேதிப் பிணைப்பு கொள்கிறது. எனவே நிறம் கெட்டியாக நிற்கும், கணக்கும் துல்லியமாக வரும்.

கணக்கு இப்படி. துணியின் எடைக்கு நூற்றுக்கு எத்தனை பங்கு சாயம் என்பதுதான் ஷேடு. 10 கிராம் துணிக்கு 2 விழுக்காடு ஷேடு என்றால் 0.2 கிராம் சாயம். அதை வீட்டுத் தராசில் நிறுக்க முடியாது. 1 கிராம் சாயத்தை 100 மில்லியில் கரைத்து வைத்துக்கொண்டால் 20 மில்லி எடுத்தால் போதும். பாதி மஞ்சள், கால் சிவப்பு, கால் நீலம் வேண்டுமா? 10, 5, 5 மில்லி. துணியின் எடைக்கு இருபது மடங்கு, அதாவது 200 மில்லி வரும்வரை தண்ணீர் சேர்த்து, உப்புப் போட்டுச் சாயத்தை இழைக்குள் தள்ளி, பிறகு சோடா போட்டு நிலைக்கவைக்க வேண்டும். மூன்று சாயங்களையும் 25 விழுக்காட்டுப் படிகளாகக் கலந்தால் 15 கலவைகள் வரும். 10 விழுக்காட்டுப் படிகள் என்றால் 66. பதினைந்தையும் நான்கு அடர்த்திகளில் செய்து பார்த்தாலே 60 துண்டுகள் சேர்ந்துவிடும். அத்தனையும் மூன்று தாய்களின் பிள்ளைகள் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு எந்த ஐந்தை எடுத்தாலும் பெரிதாகச் சண்டை போடாது. தொகுப்பில் வெளிறியதும் அடர்ந்ததும் போதிய இடைவெளியில் இருக்கிறதா என்று பார்க்க, துண்டுகளைக் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பார்ப்பது பழகிய வழி. எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் தொகுப்பு சப்பென்று இருக்கும்.

இந்தத் துல்லியத்துக்கும் குழிகள் உண்டு. ஈரத்துணி எப்போதும் அடர்ந்து காட்டும். காய்ந்து, கொதிநீரில் சோப்பு போட்டு அலசி, தேய்த்த பிறகே நிறத்தைப் பேச வேண்டும். கோராத் துணியின் மெழுகையும் பசையையும் சரியாக நீக்காவிட்டால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். கலவையில் உள்ள சாயங்கள் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. டர்க்காய்ஸ் நீலத்தின் மூலக்கூறு பெரிது, அதற்கு மற்றவற்றைவிடச் சூடு அதிகம் தேவை. பாலியஸ்டர் கலந்த துணியில் ரியாக்டிவ் சாயம் பருத்தி இழையை மட்டும் பிடிக்கும், பாலியஸ்டர் வெள்ளையாகவே நிற்கும். தண்ணீரின் குணத்தில் வேடிக்கையான முரண் ஒன்று இருக்கிறது. சுண்ணாம்புச் சத்துள்ள கடின நீர் சாயவேரின் சிவப்பைத் தூக்கிவிடும். அதே நீர் ரியாக்டிவ் சாயத்தைக் கெடுத்துக் கறை விழவைக்கும்.

வெளிச்சம் இன்னொரு குழி. இரண்டு துணிகள் பகலில் ஒன்றுபோலத் தெரிந்து, கடை விளக்கில் வேறுவேறாகத் தெரியலாம். வேறுவேறு சாயக் கலவைகளால் ஒரே நிறத்தை எட்டும்போது இது நேரும். திருப்பூரில் ஒரு பனியன் ஆர்டருக்கு வெளிநாட்டு வாங்குநர் பான்டோன் பருத்தி நிற அட்டையின் எண்ணை அனுப்புவார். பட்டறை ஆய்வகம் லேப் டிப் எனப்படும் சின்னத் துண்டுகளை ஏ, பி, சி என்று கொஞ்சம் மாற்றி மாற்றிச் சாயமேற்றி அனுப்பும். பகல் ஒளி, கடை ஒளி, வீட்டு விளக்கு மூன்றையும் தரும் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துத்தான் ஒப்புதல். காலருக்கும் உடலுக்கும் துணி வேறாக இருந்தால் பாடு இரட்டிப்பு.

நிறம் நிற்குமா என்பதற்கும் அளவுகோல் உண்டு. சலவைக்கு 1 முதல் 5 வரை, வெயிலுக்கு 1 முதல் 8 வரை மதிப்பெண் போடுகிறார்கள். மஞ்சள் கிழங்கின் நிறம் வெயில் தேர்வில் அடிமட்டம். கல்யாணத்துக்கு முந்தின நாள் தோய்த்த வேட்டிக்கு அது போதும்; திரைச்சீலைக்கு ஆகாது. ஆனால் நிற்காத நிறத்தையே காசாக்கிய கூத்தும் நடந்திருக்கிறது. சென்னைப் பகுதியில் நெய்த கட்டம் போட்ட மெட்ராஸ் துணி 1950-களின் கடைசியில் அமெரிக்காவுக்குப் போய், சலவையில் சாயம் ஒன்றோடொன்று கலந்தபோது வாங்கியவர்கள் கொதித்தெழுந்தார்கள். விளம்பரக்காரர்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள்: சாயம் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் என்றே விற்றார்கள். ஒவ்வொரு சலவையிலும் நிறங்கள் குழைந்து புதுத் தொகுப்பு உண்டாகும் சட்டை அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் மோகமாகிவிட்டது.

இயற்கைச் சாயமா, வேதிச் சாயமா என்ற சண்டை இப்போது சூடாக நடக்கிறது. இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். இயற்கைச் சாயம் என்றாலே தீங்கில்லை என்பது சரியல்ல. உலோக உப்பு அதிலும் உண்டு, விறகும் தண்ணீரும் அதிகம் பிடிக்கும். உலகத்தின் பனியன்களை எல்லாம் வேரிலும் பட்டையிலும் தோய்க்க நிலம் காணாது. சிறு திட்டங்களுக்கு அது அருமையாகப் பொருந்தும். திண்டிவனம் பக்கத்து அவுரியும் ஆரோவில் பட்டறைகளின் புளித்த நீலத் தொட்டிகளும் அதற்குச் சாட்சி. வேதிச் சாயம் எல்லாமே நஞ்சு என்பதும் தவறு. புற்றுநோய் உண்டாக்கக்கூடிய அமீன்களை வெளிவிடும் சில அசோ சாயங்களை ஜெர்மனி 1990-களிலேயே தடுத்தது. இந்தியா 1997-இல் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது.

ரியாக்டிவ் சாயத்தின் உண்மையான தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. தொட்டியில் போட்ட சாயத்தில் பொதுவாக 60 முதல் 80 விழுக்காடுதான் இழையில் நிற்கிறது. மீதியும், போட்ட உப்பு முழுவதும் கழிவுநீரில் போகின்றன. நொய்யல் ஆற்றுக்கு நேர்ந்தது அதுதான். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாகிப்போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்புக்கு மாறிய பிறகே பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நிறத்தை நீக்குவது அங்கே பெரிய காரியமல்ல. கரைந்த உப்பைத்தான் நுண்ணுயிர்களால் தின்ன முடியாது. அதைச் சவ்வால் வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்கவைத்து வற்றவிட வேண்டும். செலவில் பெரும்பங்கு அதற்குப் போகிறது.

இங்கேதான் நிறத்தைத் தேரும் மேசைக்கும் ஆற்றுக்கும் நேரடிக் கணக்கு இருக்கிறது. வெளிறிய நிறத்துக்கு லிட்டருக்கு 30 கிராம் அளவில் உப்புப் போதும். கறுப்புக்கும் கருநீலத்துக்கும் 80 கிராம் வரை போகும். ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர் பிடிக்கும் இயந்திரத்தில் முன்னதற்கு 240 கிராம் உப்பு, பின்னதற்கு 640 கிராம். பத்தாயிரம் கிலோ ஆர்டரில் வித்தியாசம் நான்கு டன். வாங்குநர் அனுப்பும் நிறப் பட்டியலில் பான்டோன் எண் இருக்கிறது, கெடு நாள் இருக்கிறது, விலை இருக்கிறது. உப்புக்கு ஒரு கட்டம் இன்னும் போடப்படவில்லை.